சேரி வாய்க்காலுக்கு அளவெடுத்தது

எங்கள் சேரியில் கிணறு இல்லை. குட்டை ஒன்று இருந்தது. தை வரைக்கும் தண்ணீர் நிற்கும். மாசியில் சேறாகும். பங்குனியில் வெடித்துவிடும். அதன் பிறகு பெண்கள் ஊர்க்காரர்களின் கழனிக் கிணற்றுக்குப் போய் நிற்பார்கள். நாங்கள் இறைக்கக் கூடாது. மாடுகள் குடித்து முடித்த பிறகு யாராவது மனம் வைத்து ஊற்றினால் குடம் நிறையும்.

என் மனைவி கிளியனூர்ப் பக்கத்துப் பெண். அவள் பிறந்த சேரியில் கிணறு உண்டு. வந்த முதல் கோடையிலேயே கேட்டுவிட்டாள்.

"இன்னா ஊரு இது? மாட்டுக்குப் பின்னால நிக்கவா என்னைக் கட்டிக்கினு வந்த? எங்கப்பன் மாப்பிள்ளையை விசாரிச்சான், தண்ணிய விசாரிக்கல."

சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஊராட்சி ஒன்றியங்கள் வந்த புதிது. ஊரின் பெரிய ஏரியிலிருந்து எங்கள் குட்டைக்கு ஒரு வாய்க்கால் வேண்டும் என்று மனு கொடுத்திருந்தோம். அது ஒன்றிய ஆபீசில் கிடந்தது. அங்கே இருந்த ஒரே ஓவர்சியருக்கு ரோடு வேலைக்கே நேரம் போதவில்லை.

அந்த வருஷம் பட்டணத்து இன்ஜினீயரிங் காலேஜிலிருந்து ஆறு பிள்ளைகள் வந்தார்கள். கடைசி வருஷப் படிப்பு. பரீட்சை எழுதினால் மட்டும் போதாதாம். நிஜமாகவே நடக்கப்போகிற ஒரு வேலையை அளந்து, படம் போட்டு, ஏதாவது ஒரு ஆபீசுக்குக் கொடுக்க வேண்டுமாம். ஒன்றிய ஆபீஸ் எங்கள் வாய்க்காலை எடுத்துக் கொடுத்தது. பிள்ளைகள் பத்து நாள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள்.

ஏரி மதகிலிருந்து கிழக்கே வந்தால் ஊர், அப்புறம் கோயில் திடல், அதைத் தாண்டினால் எங்கள் சேரி. திடலுக்கு இரண்டு பக்கமும் பட்டா நிலம். அதில் வாய்க்கால் விட ஒருவரும் சம்மதிக்கவில்லை. திடல்தான் பொது. பொது என்றால் ஊருக்குப் பொது. நாங்கள் அதில் கால் வைத்தது இல்லை.

நாட்டாமை திடல் வழியாக விடச் சம்மதித்தார். எல்லார் முன்னாலும் சொன்னார்.

"அம்மன் எதிர்ல கெணறாட்டம் தோண்டக் கூடாது. முழங்கா ஆழம்னா வெட்டிக்கங்க. அதுக்கு மேல ஒரு வெரக்கட போனாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அளவுக் கம்பு பிடிக்க ஆள் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அதற்கும் அவரே வழி சொன்னார்.

"சேரிக்கு வர்ற வாய்க்கா. சேரிக்காரனே புடிக்கட்டும். தோ நிக்கிறான் பாருங்க பனமரமாட்டம், அவனப் புடிங்க."

அப்படித்தான் நான் போனேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். எண் தெரியும்.

ஆறு பேரில் கண்ணாடி போட்டிருந்தவர்தான் மேடு பள்ளம் காட்டும் லெவல் கருவியைப் பார்ப்பார். இன்னொருவர் நோட்டில் எழுதுவார். கண்ணாடிக்காரர் முதல் நாள் என்னைப் பார்த்து, "வாங்க, இப்படி நில்லுங்க" என்றார். நாட்டாமை சிரித்தார்.

"அவனப் போயி வாங்க போங்கன்னா வேற யாரையோ கூப்புடறீங்கன்னு நின்னுக்கினு இருப்பான் சார். டேய், போடா."

போனேன்.

வேலை கஷ்டமில்லை. நூறடிக்கு ஒரு முளைக்குச்சி அடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முளையின் மேலும் கம்பை ஆடாமல் நிறுத்த வேண்டும். தூரத்தில் முக்காலி மேல் கருவி இருக்கும். கண்ணாடிக்காரர் அதற்குள் பார்த்து எண்ணைக் கத்துவார். கையை உயர்த்தினால் அடுத்த முளைக்குப் போக வேண்டும். ஒருநாள் என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே உலகம் தலைகீழாக இருந்தது. கம்பு தொங்கியது. சிவப்பு எண் அடி, கறுப்பு எண் அதில் பத்தில் ஒரு பங்கு என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டு தரம் படித்துக் காட்டினேன். சரி என்றார்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் திடலுக்கு வந்தோம். கருவி மேற்கே, தாழம்புதருக்கு அந்தப் பக்கம். திடலில் மூன்று முளைகள். காலையில் பிள்ளைகளே அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் கம்போடு திடலின் ஓரத்துக்கு வந்து நின்றேன். நாட்டாமை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஏறாதே என்று அவர் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மென்றுகொண்டே பார்த்தார்.

"ஜல்தி, ஜல்தி" என்று புதருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

திடலை ஒட்டி வண்டிப்பாதை உண்டு. எங்கள் வழி அதுதான். திடலைவிட மூன்றடி பள்ளம். அதில் இறங்கினேன். முதல் முளைக்கு நேராகக் கம்பை நிறுத்தினேன். அவர்களுக்குப் புதருக்கு மேல் கம்புதான் தெரியும். என் கால் தெரியாது. எண்ணைக் கத்தினார், கை உயர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. முடிந்தது. திடலைத் தாண்டி மறுபடி முளை மேலேயே வைத்தேன்.

தள்ளி நின்றதால் என்ன ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. சாயங்காலம் கருவியைத் துடைத்துக்கொண்டே கண்ணாடிக்காரர் சொன்னார். "ஒரு அங்குலம் மேடு இருந்தா போதும். தண்ணி அங்கயே நின்னுடும். அதான் ஒவ்வொரு முளையும் முக்கியம்." நான் முக்காலியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டார்கள். நாட்டாமை எல்லாருக்கும் மோர் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நான் வாசலில் கம்போடு நின்றேன். நோட்டுக்காரர் பென்சிலை நிறுத்தினார்.

"திடல்ல சடார்னு பள்ளமா காட்டுதே. பார்த்தா மேடு மாதிரிதான இருக்கு?"

"வெயில்ல எல்லாம் மேடாத்தான் தெரியும்" என்றார் இன்னொரு பிள்ளை. சிரித்தார்கள்.

"பள்ளமோ மேடோ, முழங்கா ஆழத்துக்குள்ள வருதா? அதச் சொல்லுங்க" என்றார் நாட்டாமை.

"இந்தக் கணக்குப்படி வருது."

"அப்புறம் இன்னா?"

கண்ணாடிக்காரர் எழுந்து வாசலுக்கு வந்தார். "திடல்ல கம்பை முளை மேலதான வச்சீங்க?"

நாட்டாமை என்னைப் பார்க்கவில்லை. மோர் லோட்டாவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கே நின்றேன் என்று அவருக்குத் தெரியும்.

"ஆமா சார்" என்றேன்.

அன்றைக்கே நாட்டாமை கையெழுத்துப் போட்டார்.

பயத்தில் சொன்னேன். பயம் மட்டும் இல்லை. உள்ளபடி சொன்னால் திடலில் மார்பு ஆழம் வெட்ட வேண்டிவரும். அதற்குக் கையெழுத்து விழாது. வாய்க்காலே இல்லாமல் போகும். எப்படியாவது வெட்டிவிடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு எதைப் பார்ப்பது என்று யோசிக்கவில்லை.

பிள்ளைகள் நீலத்தாளில் படம் போட்டு ஒன்றிய ஆபீசுக்குக் கொடுத்தார்கள். நல்ல மார்க் கிடைத்ததாகக் கேள்வி. மறு வருஷம் வைகாசியில் வேலை தொடங்கியது. திடலை மட்டும் ஊர் ஆட்கள் வெட்டினார்கள். முழங்கால் ஆழம், அளந்து. மற்ற இடமெல்லாம் நாங்கள். நானும் வெட்டினேன். என் மனைவி மண் சுமந்தாள். மல்லாட்டைக் கடலைச் செடி பிடுங்கிக் கை காய்த்திருந்தாலும், இந்த வேலைக்கு அவள் ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை.

"இந்தப் பங்குனிக்கு நான் அந்தக் கெணத்துப் பக்கம் தல வெச்சிக் கூடப் படுக்க மாட்டேன்" என்றாள்.

கார்த்திகையில் ஏரி நிறைந்தது. மதகைத் திறந்தார்கள். சேரிப் பெண்கள் குட்டைக்கரையில் கற்பூரம் ஏற்றிவைத்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் வரவில்லை. வாய்க்காலோடு நடந்துபோய்ப் பார்த்தேன். திடலுக்கு மேற்கே தண்ணீர் வந்து முட்டி நின்றது. ஏறவில்லை. அங்கேயே தேங்கி அகலமானது. அடுத்த நாள் ஊர்க்காரர்கள் அதில் மாட்டைக் குளிப்பாட்டினார்கள். எங்களுக்கு ஒரு கூப்பிடு தூரம்தான். ஆனால் அது திடலுக்கு அந்தப் பக்கம்.

ஓவர்சியர் வந்து படத்தை விரித்துப் பார்த்தார். "படம் சரியா இருக்குய்யா. படத்துல தண்ணி போவுது. இங்க ஏன் போவலன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். காலேஜுக்கு ஒரு கடிதம் எழுதினார்.

மாசியில் கண்ணாடிக்காரர் வந்தார். தனியாக. வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாராம், லீவு போட்டு வந்திருந்தார். ஆபீஸ் கருவியையும் கம்பையும் வாங்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். திடலுக்கு மேற்கே, முன்பு வைத்த இடத்தில் அதே உயரத்துக்குக் கருவியை நிறுத்தினார். கம்பை என்னிடம் கொடுத்தார்.

"திடல்ல நடு முளை இருந்த எடத்துக்குப் போங்க."

போனேன். திடல் ஓரம் வரைக்கும். அங்கே நின்றேன். அவர் கருவியை விட்டு நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை புதர் இல்லை, வெட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்தார். வண்டிப்பாதையைப் பார்த்தார். திடலைப் பார்த்தார். பிறகு நடந்து வந்து என் கையிலிருந்து கம்பை வாங்கினார்.

"நீங்க போய்ப் படிங்க" என்றார்.

நான் கருவிக்குப் போனேன். அவர் திடலின் நடுவில், வெட்டிய வாய்க்காலின் கரைமேல் போய்க் கம்பை நிறுத்தினார். கண்ணை வைத்தேன். அவர் தலைகீழாகத் தெரிந்தார்.

"எவ்வளவு?"

"நாலு சார். நாலே காலுக்குக் கொஞ்சம் கம்மி."

அவர் சட்டைப் பையிலிருந்து பழைய நோட்டை எடுத்துப் பார்த்தார். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. ஏழுக்கு மேலே இருந்திருக்கும்; பள்ளத்தில் கம்பை வைத்தால் எண் கூடும். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

நேரே நாட்டாமை வீட்டுக்குப் போனார். நான் தெருமுனையில் நின்றேன். பேச்சு கேட்டது.

"தப்பு என்னுதுங்க. நான் எண்ணைத் தப்பாப் படிச்சிட்டேன். இன்னும் மூணடி ஆழம் வெட்டினா தண்ணி போயிடும். மூணு ஆள், நாலு நாள் வேலை."

"சார், நீங்க படிச்சவரு. முழங்கான்னீங்க, போட்டேன். இப்ப மாருன்றீங்க. நாளைக்குக் கழுத்துன்னுவீங்க. அம்மன் கழுத்த அறுக்கச் சொல்றீங்களா? மோர் சாப்பிடுங்க."

"தண்ணிக்காகத்தான..."

"மோர் சாப்பிடுங்க சார்."

அவர் சாப்பிட்டாரா என்று தெரியாது. வெளியே வந்தார். சேரிக்கும் வந்து, எல்லாரையும் கூப்பிட்டு வைத்து, அதையே சொன்னார். தான் தப்பாகப் படித்துவிட்டதாக. என் மனைவி பேசினாள்.

"ஏன் சார், இத்தினி பெரிய கண்ணாடி போட்டுக்கினு ஒரு நம்பரு சரியாத் தெரியலயா? நாங்க கர்ப்பமா இருக்கிறவளக் கூடக் கூட்டிக்கினு வந்து மண்ணு சொமந்தோமே. உங்களுக்குப் பாசு மார்க்கு வந்திச்சில்ல? எங்களுக்கு இன்னா வந்திச்சி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒரு தரம்கூட என் பக்கம் திரும்பவில்லை. நான் அங்கேதான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மயிலம் ரோடு வரைக்கும் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் வந்தது. பெட்டியை ஏற்றினேன். "வர்றேன்" என்றார். பிறகு வரவில்லை. வந்தும் ஆவது ஒன்றுமில்லை.

அந்த வாரம் மனைவியிடம் சொன்னேன். நான் எங்கே நின்றேன் என்பதை. அவள் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"முளைகிட்டப் போயிருந்தா இன்னா பண்ணியிருப்பாங்க?"

"அடிச்சிருப்பாங்க."

"அதுக்கப்புறம் வாய்க்கா வந்திருக்குமா?"

"வந்திருக்காது."

"அப்ப அந்தப் புள்ளைய நான் ஏன் திட்டினேன்?"

அவள் மறுபடி முறத்தை எடுத்தாள். அதற்குப் பிறகு அந்த வாய்க்காலைப் பற்றிப் பேசவே இல்லை.

ஊர்க்காரர்கள் அடுத்த ஆடித் திருவிழாவுக்குத் திடலில் வெட்டியதை மூடிவிட்டார்கள். கூத்து பார்க்க வருகிற ஜனம் விழுந்துவிடும் என்றார்கள்.

சில வருஷம் கழித்து ஒன்றியங்கள் சேரிகளுக்குக் கிணறு வெட்டிக் கொடுக்கத் தொடங்கின. சுற்றுவட்டாரத்தில் பல சேரிகளுக்கு வந்தது. எங்களுக்கு வரவில்லை. விழுப்புரத்துக்குப் பெரிய அதிகாரி மனு வாங்க வருகிறார் என்று கேள்விப்பட்டு நாலு பேர் மயிலம் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறிப் போனோம். மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. வரிசையில் மத்தியானம் வரை நின்றோம். குமாஸ்தா ஒருவர் தடிப் புத்தகத்தைப் புரட்டி விரலை வைத்தார்.

"உங்க சேரிக்குத்தான் குடிதண்ணி வாய்க்கா குடுத்தாச்சே. வேலை முடிஞ்சதுன்னு எழுதியிருக்கு. ஒரு சேரிக்கு ரெண்டு குடுக்க முடியாதுப்பா. இல்லாத சேரி எவ்வளவோ இருக்கு."

"அதுல தண்ணி வரல சார்."

"காலேஜ்ல இருந்து வந்து அளந்திருக்காங்க. படம் இருக்கு. படிச்சவங்க போட்ட படத்தத் தப்புன்றியா?"

கூட வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். கம்பு பிடித்தவன் நீதானே, நீ சொல்லு என்கிற பார்வை. நான் எங்கே நின்றேன் என்று அவர்களுக்குத் தெரியாது. அங்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் படம் தப்பு என்று ஆகும். படம் தப்பானால் வாய்க்கால் இல்லை என்று ஆகும். கிணறு வந்தாலும் வரலாம். வாயெடுத்தேன்.

"இல்லீங்க சார். கம்பு புடிச்சது நான்தான். திடல்ல நான் முளை மேல நிக்கல."

குமாஸ்தா நிமிர்ந்தார். "ஏன் நிக்கல?"

வரிசையில் எங்களுக்குப் பின்னால் எங்கள் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். பட்டா மனுவோடு. அதில் ஒருவர் நாட்டாமையின் தம்பி.

"தெரியாமதான் சார்" என்றேன்.

"தெரியாம நின்னேன்னு எழுத முடியுமா? அடுத்த ஆளு வா."

திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. என் மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"நமக்கு வாய்க்கா இருக்குதாம்."

"எங்க?"

"ஆபீசுல."

அவள் உள்ளே போய்ச் சோறு போட்டாள்.