டார்ச்சில் தெரிந்த நீலம்

கும்மிடிப்பூண்டியில், அமினோ அமிலம் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒருநாள் புதுச் சரக்கின் மீது புற ஊதா ஒளி வீசும் யுவி டார்ச்சை அடித்தேன். வெள்ளைப் படிகங்கள் நீலமாக ஒளிர்ந்தன. சோப்புத்தூளும் அப்படித்தான் ஒளிரும். யோசிக்கவே இல்லை; சரக்குத் தொட்டியைக் கழுவும் மேரியக்காவைக் கூப்பிட்டு, சோப்பைச் சரியாக அலசவில்லை என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"நாலு தபா அலசினேன் சார், சோப்பு எப்டி நிக்கும்?" என்றார். நான் காதில் வாங்கவில்லை. மறுநாளே காண்டிராக்டர் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

பத்து நாள் கழித்து, ஒப்பிட்டுப் பார்க்க வாங்கிவைத்திருந்த சுத்தமான அமினோ அமில பாட்டிலின் சீலை உடைத்து டார்ச் அடித்தேன். அதே நீலம். தண்ணீரில் கரைத்தேன், ஒளி போய்விட்டது. சோப்பாக இருந்தால் தண்ணீரிலும் ஒளிர்ந்திருக்கும். இந்த மூலக்கூறுகள் படிகமாக நெருங்கி அமையும்போது தாமாகவே ஒளிரும் என்று அப்புறம்தான் படித்தேன்.

மேரியக்கா புதுவாயலில் ஒரு டிபன் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "இத கம்பெனில சொல்லிட்டியா சார்?" என்று கேட்டார்.

சொல்லியிருக்கவில்லை. பழியை எல்லோர் முன்னாலும் போட்டவன், மன்னிப்பை மட்டும் தனியாகக் கொண்டுபோயிருந்தேன்.