நனையாத செருப்பு

இந்த ஊரில் காலையில் வீட்டை விட்டு இறங்குகிறவனை யாரும் "எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்பதில்லை. பாபநாசத்தில் பால் வாங்கப் போனாலும் கடைத்தெரு முடிவதற்குள் நாலு பேருக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் இந்தச் சுதந்திரம் எனக்குப் பிடித்திருந்தது. பிறகுதான் புரிந்தது, இங்கே நடக்கிறவர்கள் பெரும்பாலும் எங்கும் போவதில்லை. காரில் நாற்பது மைல் போய், இறங்கி, ஆறு மைல் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து, மறுபடி காரில் ஏறி வீடு திரும்புகிறார்கள். பயணப்படி கிடைக்காத இந்த நடைக்கு முன்னால் ஒரு படிவத்தில் கையெழுத்து வேறு போட வேண்டும்.

என் மகள் சுமதி என்னை அப்படியொரு நடைக்குழுவில் சேர்த்துவிட்டாள். அவளுக்கு வரும் காப்பீட்டுக் கடிதங்களில் நான் உட்கார்ந்து பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். குழுவில் என்னோடு சேர்த்து எட்டுப் பேர், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். தலைவர் வால்ட் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். கழுத்தில் திசைகாட்டியும் ஊதலும் தொங்கும். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, மாநிலத்தின் தெற்கே உள்ள பைன் காட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார். பாதையை விட்டு விலகி நடப்பதற்கு இங்கே 'புஷ்வேக்' என்று பெயர். அரசாங்கம் செலவழித்துப் பாதை போட்டு, பலகை நட்டு, அம்புக்குறியும் வரைந்து வைத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பி முள்ளுக்குள் நுழைய வேண்டும். நான் படிவத்தைக் கடைசி வரிவரை படித்தேன். நீரில் மூழ்குதல், உண்ணிக்கடி, மரம் விழுதல், வழி தவறுதல் எதற்கும் குழு பொறுப்பல்ல. நான்காம் பிரிவும் ஒன்பதாம் பிரிவும் ஒன்றையொன்று மறுத்தன. வால்ட்டிடம் சுட்டிக்காட்டினேன். "இத்தனை வருஷத்துல இதைப் படிச்ச முதல் ஆள் நீங்கதான், கேல்" என்றார். கலியபெருமாள் என்ற என் பெயரில் அவருக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அன்றைய நடைக்கு மட்டும் ஒரு காரணம் இருந்தது. குழுவில் மூத்தவரான டாரதிக்கு எழுபத்தொன்பது வயது. கிரான்பெரி என்கிற சிவப்புப் பழத்தைப் பறிக்கும் தொழிலாளிகளுக்காக அந்தக் காட்டுக்குள் ஒருகாலத்தில் ஏழெட்டு வீடுகள் இருந்தனவாம். அதில் ஒன்றில் பிறந்தவர் அவர். ஆறு வயதில் குடும்பம் வெளியேறியது. வீடுகளைப் பிரித்து எடுத்துப்போனார்கள். மிச்சத்தைச் சதுப்பும் பைனும் எடுத்துக்கொண்டன. அரிசோனாவில் இருக்கும் அண்ணன் மட்டும், நாம் கம்பெனிக் கொட்டகையில்தான் இருந்தோம், உனக்கு ஞாபகம் இருக்கிற வீடும் அம்மா போட்ட தோட்டமும் நீ கண்ட கனவு என்று அறுபது வருஷமாகச் சொல்லி வருகிறாராம். அடுத்த மாதம் டாரதி இங்குள்ள வீட்டை விற்றுவிட்டு அதே அண்ணனின் ஊருக்குப் போகிறார். "இருந்ததுன்னா இருந்தது, இல்லேன்னா இல்ல. போறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார். விண்ணப்பத்தின் நோக்கம் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

முதல் ஒரு மணி நேரம் வெள்ளை மணல். பழைய காட்டுத்தீயில் அடி கறுத்துப்போன பைன் மரங்கள். இடையில் படர்ந்திருந்த முட்கொடி கால்சட்டையைப் பிடித்து நிறுத்தி விசாரித்து அனுப்பியது. அதற்குப் பிறகு தரை தாழ்ந்தது. பைன் போய் சீடார் மரங்கள் நெருக்கியடித்து நின்றன. அடியில் தேநீர் நிறத்தில் தண்ணீர். நடுநடுவே பச்சைப் பாசி மூடிய மேடுகள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் காலை எட்டிவைத்துத் தாண்ட வேண்டும். மேடு என்று நம்பி மற்றவர்கள் கால் வைத்த சில இடங்கள் மேடு இல்லை. தபால் இலாகாவில் இருந்த ஒருவர் தொடைவரை இறங்கிவிட்டு, லாட்டரி விழுந்தவர் மாதிரி சிரித்தார். ஒரு மைலுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் கறுத்த சேற்று ஓடை ஒன்று குறுக்கிட்டது. அதற்கு அப்பால் எண்பது தப்படியில் ஒரு திட்டு, அதன்மேல் பைன் மரங்கள். வால்ட் ஊன்றுகோலைச் சேற்றில் குத்திப் பார்த்தார். முழங்கால் அளவு இறங்கியது. கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து நடைக்குறிப்பு நோட்டை எடுத்தார்.

"டாரதி, அதோ தெரியுதே, அந்தத் திட்டுதான். மேப்லயும் அதேதான். பார்த்தாச்சு. போய்ச் சேர்ந்ததாவே எழுதிக்கலாம்."

டாரதி திட்டைப் பார்த்தபடியே நின்றார். மற்றவர்கள் சாண்ட்விச் பொட்டலங்களைப் பிரித்தார்கள். இதே வாசகத்தை நான் தமிழில் கேட்டிருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். நான் வருவாய் ஆய்வாளர். சர்வீஸில் சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. ஆட்சி மாறி, அலுவலகச் சுவரில் படங்கள் மாறி, கோப்புகள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்தன. மிராசுதார்களின் தோள் துண்டில் கரையும் மாறியிருந்தது. துண்டு கிடந்த தோள்தான் மாறவில்லை. கூலிக்கும் குத்தகைக்கும் வரப்புக்கு வரப்பு கொடி நட்டிருந்தார்கள். சில ஊர்களில் ரத்தமும் சிந்தியாயிற்று. குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலத்துக்காரர் நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது. ஆகவே பெயர் ஏறாமல் பார்த்துக்கொள்ளவும் சட்டம் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

கோவிந்தம்மாள் என்ற விதவை மனுக் கொடுத்திருந்தாள். மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். புருஷன் குத்தகைக்குச் செய்தது, அவன் போனபின் தான் செய்வது என்றாள். மிராசுதார் தரப்பு, அவள் எங்கள் வயலில் கூலிக்கு நடவு நடுகிறவள் என்றது. இப்படி வந்தால் ஆய்வாளர் நேரில் போய்ப் புலத்தைப் பார்த்து, அக்கம்பக்கத்து வயல்காரர்களை விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் புறப்பட்டோம். நான், ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம், மிராசுதாரின் காரியஸ்தர், எனக்குக் குடை பிடிக்கத் தலையாரி. சாலையிலிருந்து வயலுக்கு வழி கிடையாது, வரப்பும் வாய்க்காலும்தான். இரண்டாவது வாய்க்கால் கரையில் கர்ணம் நின்றுவிட்டார்.

"சார், இங்கேருந்தே நல்லாத் தெரியுதுங்களே. அந்தத் தென்னைக்கு இந்தாண்ட. பாத்தாச்சுன்னு எழுதிக்கலாம். உள்ள எறங்கினா முழங்கால் சேறு. செருப்பு வேற புதுசு."

"ஆர்.ஐ. ஐயாவுக்குச் சேத்துல என்னங்க வேலை?" என்று காரியஸ்தர் சிரித்தார். "அவங்க எழுதுற ஆளு."

கோவிந்தம்மாள் வயலுக்கு நடுவே நின்றிருந்தாள். மழைத் தூறலில் குரல்தான் தெளிவாக வந்தது.

"ஐயா, வடகெழக்கு மூலையில என் நாத்தங்கால் இருக்குங்க. நானே வெதை வாங்கி விட்டதுங்க. கூலிக்கு நடுற பொம்பளைக்கு எதுக்குங்க தனியா நாத்தங்கால்? அம்பது தப்படிதான். வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுங்க."

அவள் சொன்னது சரியான சாட்சியம். நாற்றங்கால் என்பது விதை விட்டு நாற்று வளர்க்கும் பாத்தி. சாகுபடி செய்கிறவர்தான் அதை வைத்திருப்பார். கூலி ஆள் அடுத்தவர் நாற்றைப் பறித்து நட்டுவிட்டுப் போவதோடு சரி. அந்த மூலையைக் கரையிலிருந்து பார்க்க முடியாதபடி கோரை மறைத்திருந்தது. நான் என் செருப்பைப் பார்த்தேன். முதல் சம்பள உயர்வில் வாங்கியது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கலாம்; ஊரில் எல்லோரும் அப்படித்தான் இறங்குகிறார்கள். ஆனால் அரசாங்கம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதை அந்த மூன்று பேரும் பார்ப்பார்களே என்று இருந்தது. கர்ணம் பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். அது முந்தின நாளே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. அப்போதெல்லாம் அதுதான் வழக்கம், போவதற்கு முன்பே போய் வந்ததாக எழுதிக்கொள்வது. 'நேரில் சென்று, புலத்தைப் பார்வையிட்டு, அண்டை நிலத்தாரை விசாரித்ததில்' என்று தொடங்கி வாக்கியம் எங்கோ போய் முடியாமல் தொங்கியது. வாக்கியத்தைச் சீர் செய்து கையெழுத்திட்டேன். என் தமிழுக்கு அலுவலகத்தில் நல்ல பெயர்.

மனு தள்ளுபடியானது. கோவிந்தம்மாள் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தாள். மேல்முறையீடு யாருக்குச் செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள், என்னென்ன நகல் வேண்டும் என்று நான் விவரமாக விளக்கினேன். முழுவதையும் நின்று கேட்டாள். "நீங்க வந்து பாத்திருந்தா இதெல்லாம் வேணாம்லங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அடுத்த பட்டத்தில் அந்த மூன்று மாவை மிராசுதாரின் ஆட்கள் உழுதார்கள். அவள் திருவிடைமருதூர்ப் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்கிறாள் என்று தலையாரி சொன்னார். நாற்றங்கால் அந்த மூலையில் இருந்ததா, இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பைன் காட்டில், விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். காலுறைகளைச் சுருட்டி ஷூவுக்குள் வைத்தேன். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டேன். சேற்றில் செருப்போடு இறங்குவது எங்கள் பக்கத்தில் விவரம் கெட்ட வேலை. சேறு செருப்பைப் பிடித்துக்கொள்ளும். விரல் விரிந்த வெறுங்காலை விட்டுவிடும். வால்ட் ஓடிவந்து என் முன்னால் மண்டியிட்டார். கடுங்குளிரில் மூளை கலங்கியவர்கள் உடைகளைக் கழற்றத் தொடங்குவார்கள் என்று அவருக்கு முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"கேல், என்னைப் பாருங்க. உங்க முழுப் பேர் என்ன? இது என்ன மாசம்?"

முழுப் பெயரைத் தகப்பனார் பெயரோடு சொன்னேன். ஏப்ரல் என்றேன், எங்கள் கணக்கில் பங்குனி என்றும் சேர்த்துக்கொண்டேன். அது அவருடைய கவலையைக் கூட்டியது. "எனக்கு ஒண்ணும் இல்ல. நான் சேத்து ஊர்க்காரன். டாரதியம்மா, வர்றீங்களா?" என்று கையை நீட்டினேன். படிவத்தின் ஒன்பதாம் பிரிவின்படி இது என் சொந்தப் பொறுப்பு என்று வால்ட்டுக்கு நினைவூட்டினேன். நான்காம் பிரிவைப் பற்றிப் பேசவில்லை.

தண்ணீர் குளிர்ந்ததில் முதல் பத்து அடிக்குக் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. பிறகு விரல்கள் தாமாகவே வேலையைத் தொடங்கின. முன்விரலால் துழாவி, வேர் இருந்தால் அதன்மேல் எடையை வைத்து, குதிகாலை மெல்லச் சாய்த்து உருவ வேண்டும். டாரதி என் தோளைப் பிடித்துக்கொண்டு, நான் கால் எடுத்த இடத்தில் தன் பூட்ஸை வைத்தார். இரண்டு தடவை பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டுக் கால் மட்டும் வந்தது; இரண்டு தடவையும் நான் குனிந்து பிடுங்கிக் கொடுத்தேன். கரையில் வால்ட் ஊதலை வாயில் வைத்துக்கொண்டே நின்றார்.

திட்டில் ஒன்றுமில்லை. சுவர் இல்லை, அடித்தளக் குழி இல்லை, ஒரு செங்கல்கூட இல்லை. பைன் சருகு மட்டும். டாரதி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அண்ணன் சொன்னது சரிதான் போல" என்றார். குரல் ஆறு வயதுக்காரியின் குரலாக இருந்தது. நான் திட்டின் மறுபக்கச் சரிவுக்குப் போனேன். நேரில் பார்வையிடுவது என்றால் நாலு மூலையையும் பார்க்க வேண்டும். அங்கே சருகுக்கு மேல் மஞ்சளாகப் பூத்திருந்தன, டாஃபடில் என்று இந்த ஊர்க்காரர்கள் வாசலில் கிழங்கு பதித்து வளர்க்கும் பூச்செடிகள். பதினெட்டுச் செடிகள். சாண் இடைவெளியில், கயிறு பிடித்த மாதிரி ஒரே வரிசை. காட்டுக்கு நேர்கோடு போடத் தெரியாது.

டாரதி பக்கத்தில் வந்து நின்றார். வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தார். "ஜன்னலுக்குக் கீழ அம்மா நட்டது" என்றார் பிறகு.

"எங்க ஆபீஸ்ல இந்த ஆதாரம் போதும்" என்றேன்.

"ஐயோ, வேண்டாம்ப்பா. நிலமெல்லாம் இப்ப அரசாங்கத்தோடது. எனக்குத் திரும்ப வேணாம்" என்று அவசரமாகச் சொன்னார். நான் ஏதோ மனுப் போடச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அதை விளக்கப் போய்த்தான் கோவிந்தம்மாள் கதையை என் கரடுமுரடான ஆங்கிலத்தில் சொல்ல நேர்ந்தது. கேட்டு முடித்துவிட்டு டாரதி கேட்டார்: "அப்ப அந்தப் பாத்தி அங்க இருந்ததா?"

"தெரியாது. நான் போகலை."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "ஆனா போய்ப் பார்த்ததா ரிப்போர்ட் எழுதினேன்னு இப்பதானே சொன்னீங்க?"

ஆங்கிலத்தில் எங்கோ தவறவிட்டோம் என்றுதான் அவர் நினைத்தார். குற்றம் சாட்டும் எண்ணமே அவருக்கு இல்லை. முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் எத்தனையோ தணிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒரு தணிக்கையும் எழுப்பியதில்லை. "ஆமாம், எழுதினேன்" என்றேன். அவர் மறுபடி என் தோளைப் பிடித்துக்கொண்டார். திரும்பினோம்.

கரையில் நின்றபடி 'போய்ச் சேர்ந்தோம்' என்று எழுதியிருந்ததை வால்ட் அடித்துவிட்டு நோட்டை என்னிடம் நீட்டினார். செடிகளின் எண்ணிக்கை, வரிசையின் திசை, இடைவெளி எல்லாம் எழுதினேன். நேரில் சென்றவர்கள் இருவர், கரையிலிருந்து பார்த்தவர்கள் அறுவர் என்றும் எழுதினேன். இவ்வளவு விவரம் தேவையா என்று அவர் கேட்டார். தேவை என்றேன்.

வீட்டு வாசலில் சுமதி என் ஷூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சதுப்புக்குள்ள போனீங்கன்னு வால்ட் ஃபோன் பண்ணாரு. ஒரு சொட்டுகூட நனையலையேப்பா! நெஜமாவே போனீங்களா?"

காலை நீட்டிக் காட்டினேன். முழங்கால் வரை கறுப்பு. அன்று வாய்க்கால் கரையிலிருந்து திரும்பியபோதும் என் செருப்பு நனைந்திருக்கவில்லை. அன்று என்னை யாரும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் ஊர் நிலப் பதிவேடுகளை இங்கிருந்தே கணினியில் பார்க்கலாம். மறுநாள் காலை காப்பியோடு உட்கார்ந்து, எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கும் அந்தப் புல எண்ணைத் தட்டினேன். ஒரு பெயர் வந்தது. அவள் பெயர் இல்லை. புலப்படத்தைத் திறந்து வடகிழக்கு மூலையைப் பெரிதாக்கினேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் அங்கே இரண்டு கோடுகள் சந்திக்கும் ஒரு வெள்ளை இடம்தான். பங்குனியில் அந்த வயல் அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும். மேசைக்கு அடியில், இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் என் கால் நகங்களில் நியூ ஜெர்சியின் சேறு அப்படியே இருந்தது. அந்தக் கால் மிதித்திருக்க வேண்டிய சேறு திரையில் இருந்தது, நான் பெரிதாக்கிக்கொண்டே போன அந்த வெள்ளை மூலையில்.