உட்கார்ந்த இடத்தில் இருபத்துநாலு மைல்

"இப்ப சிம்பாங் பூலாய் தாண்டியிருப்பாரு. பேச்சுக் குடுக்காதீங்க தம்பி," என்றாள் இருளாயி என்னிடம், தன் கணவரைக் காட்டி.

ஐயாவு எங்கும் போயிருக்கவில்லை. ஈப்போ ரயில்வே தொழிலாளர் லயத்து வாசலில், கழித்துப் போட்ட தண்டவாளக் கட்டையொன்றின்மேல் கண்களை மூடி உட்கார்ந்திருந்தார். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் போச்சு. மறுபடி ஸ்டேஷன் வாசலிலிருந்து புறப்படுவார். அதனால் இருளாயி கோழிகளைக்கூடச் சத்தமில்லாமல்தான் விரட்டினாள்.

அவருக்கு வேலை டிராலி தள்ளுவது. பாதையைப் பார்வையிடும் துரை குடையின் கீழ் உட்கார்ந்து வர, ஐயாவும் சன்னாசியும் ஆளுக்கொரு தண்டவாளத்தின்மேல் வெறுங்காலோடு ஓடித் தள்ளுவார்கள். நாலு விரல் அகல இரும்பு. மழையில் வழுக்கும், வெயிலில் கொதிக்கும். பதினோரு வருஷத்தில் ஐயாவு ஒருமுறையும் கால் தவறியதில்லை. அப்படிப்பட்டவர் சென்ற வருஷம் ஈப்போ–காம்பார் இருபத்துநாலு மைல் ஓட்டப் பந்தயத்தில், எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, கோப்பேங்கைத் தாண்டி ஒரு மேட்டில் நின்றார். சாலையோரப் புல்லில் உட்கார்ந்தார். பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் கடந்து போகும்வரை எழுந்திருக்கவில்லை.

"காலுக்கு ஒண்ணும் இல்லலா," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "மனசுதான் முந்தி உக்காந்துருச்சு. அத ஓட்டிப் பழக்கணும்."

ஆறு மாதமாக லீவு நாளெல்லாம் இப்படித்தான் பழக்குகிறார். வழியிலுள்ள தந்திக் கம்பங்கள், சீனர் கடைகள், கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்து நிழல், ஈயம் தோண்டும் லம்பத்துச் செம்மண் தண்ணீர் எல்லாம் வரிசை மாறாமல் மனப்பாடம். சன்னாசி மட்டும் விடுவதில்லை: "என்னா மச்சான், இன்னிக்கு எந்தக் கடையில கோப்பி குடிச்ச?"

மறுநாள் காலைதான் இந்த வருஷத்து ஓட்டம். பிற்பகல் இரண்டு மணிக்கு ஐயாவு கண்ணைத் திறந்து, காம்பார் வந்தாயிற்று என்றார். சன்னாசி கைதட்டினார். ஆனால் ஐயாவு முகம் தெளியவில்லை.

"மேட்ட எறங்குனது ஞாபகம் இருக்கு. ஏறுனது இல்ல," என்றார் மெல்ல. "தாவிட்டேன் போல. மனசு ஏமாத்துது பாரு."

யார் பார்த்தார்கள், விட்டுவிடுங்கள் அண்ணே என்றேன். கேட்கவில்லை. மேட்டிலிருந்தாவது தொடங்கலாமே என்றேன்.

"பன்னண்டு மைலு களைப்போடல்ல அதுல ஏறணும்."

தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் ஈப்போ ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.  நானும் சன்னாசியும் தரையில் உட்கார்ந்து, அசையாத ஒரு மனிதர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றரை மணி நேரம் சென்றிருக்கும். அவர் மூச்சு கனத்தது. நெற்றி வேர்வை புருவத்தில் இறங்கியது. கோப்பேங் தாண்டி மேட்டுக்கு வந்தாயிற்று என்று இருளாயி சைகை காட்டினாள். அவர் தோள்கள் தளர்ந்தன. தலை மார்புவரை தொங்கியது.  பிறகு ஐயாவு, மூடிய கண்களைத் திறக்காமலே, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, கட்டையை விட்டு எழுந்து நின்றார்.