முள்ளைத் தள்ளிய துரைராஜ்

துரைராஜ் சார் இறந்த செய்தியை லூர்துதான் கொண்டுவந்தான். திரேஸ்புரத்திலிருந்து வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, "ஏலே, தொரராசு செத்துட்டாராம். துட்டி கேக்கப் போவமா?" என்றான்.

போனோம். காலம் தவறாத மனிதர் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அவரை அப்படி அறிந்தவர்களுக்காக, நடந்ததை எழுதுகிறேன்.

புதிய துறைமுகம் கட்டிய நாட்களில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் மூவரும் வேலை பார்த்தோம். துரைராஜ் மேற்பார்வையாளர். லூர்து சங்கு குளித்த குடும்பத்துப் பிள்ளை. தலைக்கவசம் மாட்டிக் கடலடியில் கல் அடுக்குவான். மேலே மிதவையில் அவன் கயிறு என் கையில். துரைராஜுக்குக் கல்லும் தெரியாது, கடலும் தெரியாது. மிதவையில் மாட்டியிருந்த கடிகாரத்தை ரேடியோவோடு ஒப்பிட்டுத் திருத்துவதையே உத்தியோகமாக நினைத்திருந்தார். "மணி சரியா இருந்தா எல்லாம் சரியா இருக்கும்" என்பார். முட்டாள்தனத்தை இத்தனை கம்பீரமாகச் சொல்ல அவரால்தான் முடியும்.

லூர்து இறங்கும்போது, அவனை எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்று பலகையில் எழுதிவைப்போம். ஒருநாள் அவன் கீழே இருக்கையில், கடிகாரம் வேகமாக ஓடுகிறதென்று துரைராஜ் முள்ளைப் பின்னால் தள்ளிவிட்டார். பலகையில் எழுதியது அப்படியே இருந்ததால், முள் பின்வாங்கிய அளவுக்கு லூர்து கீழே கூடுதலாக இருக்க வேண்டியதாயிற்று. என் முதுகுக்குப் பின்னால் நடந்தது எனக்குத் தெரியாது. அவனுக்குக் காற்று அனுப்பும் பம்பைச் சுற்றுகிறவர்கள் வழக்கத்துக்கு மேல் சோர்ந்து போனதைப் பார்த்துத்தான் நேரம் கடந்துவிட்டது உறைத்தது. கயிற்றை இழுக்கத் தொடங்கினேன்.

"ஏன் வே இழுக்கீரு? இன்னும் நேரம் ஆகலியே!"

"சார், முள்ளத் தொட்டீங்களா?"

"ஃபாஸ்டா ஓடிச்சு, சரிபண்ணுனேன். அதுக்கென்ன?"

"கீழ ஆள் கெடக்கான் சார்!"

"கெடக்கட்டும். மணி இப்பத்தான் வே சரியா இருக்கு!"

ஆழத்தில் அளவுக்கு மேல் இருந்துவிட்டு மேலே வந்த லூர்துக்குச் சற்று நேரத்தில் மூட்டெல்லாம் வலியெடுத்தது. வலது கால் மரத்துப்போனது. அதன்பின் அவன் கடலில் இறங்கவே இல்லை. விசாரணையில் துரைராஜ், அவனுக்கு உடம்பு பலவீனம் என்றார். கடிகாரத்தையும் கழற்றி வந்து மேசைமேல் சாட்சியாக வைத்தார். விசாரித்தவர்களும் அதைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

பிறகு நாங்கள் ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கினோம். "இதுல மணி எத்தனன்னே தெரியலியே" என்று துரைராஜ் ஏளனம் செய்தார். தெரியாதுதான். ஆள் இறங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பது தெரியும். அந்த வித்தியாசம் கடைசிவரை அவர் மண்டையில் ஏறவில்லை.

துட்டி வீட்டில் லூர்து யாரிடமும் துட்டி கேட்கவில்லை. வெளியே வந்ததும், "பின்ன எதுக்குலே வந்த?" என்று கேட்டேன்.

"செத்தது நெசந்தானான்னு பாக்க."

இன்று நானும் மேற்பார்வையாளன். கடிகாரத்தைத் திருத்தக் கை நீட்டும் எவனையும், தண்ணீருக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் விடுவதில்லை. துரைராஜிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றுதான். மரியாதை எதுவும் மிஞ்சவில்லை.