செவலை வயிற்றில் கல்யாணப் பை

அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் இட்லிக் கடை போட்டிருப்பவர் சின்னத்தாய். ஊர்க் கோவில் காளை செவலைக்குத் தண்ணீர் காட்டுவதும் தொழுவத்தைக் கூட்டுவதும் அவர்தான். யாரும் சொல்லிச் செய்வதில்லை.

பொங்கலன்று வாடிவாசலில் முதலில் அவிழ்ப்பது செவலையைத்தான். அதை யாரும் பிடிக்கக் கூடாது. மற்ற நாளெல்லாம் அது தெருத் தெருவாகப் போகும். வீட்டுக்கு வீடு சோறு கிடைக்கும். முன்பு சட்டியில் வைத்தார்கள். கேரி பேக் வந்தபின் சட்டி கழுவும் வேலை மிச்சம். மிஞ்சிய சோற்றைப் பையில் கொட்டி, நாய் இழுக்காதபடி இறுக்கி முடிச்சுப் போட்டு, சாமி மாட்டுக்கென்று வாசல் கேட்டில் மாட்டினார்கள். பக்திதான். மாட்டுக்கு முடிச்சவிழ்க்கத் தெரியுமா? பையோடு தின்றது.

2003 மார்கழியில் செவலை அசைபோடுவதை நிறுத்தியது. இடப்பக்க வயிறு உப்பி நின்றது. மாட்டு டாக்டர் கோகுல்நாத் தட்டிப் பார்த்தார். வயிற்றை அறுத்துப் பையை எடுக்காவிட்டால் செத்துப்போகும் என்றார்.

கோவில் கமிட்டித் தலைவர் நல்லகாமன் குறுக்கே நின்றார்.

"சாமி மாட்டு மேல கத்தியா? ஊருக்கு ஆகாது. துன்னூறு போடுவோம், சரியாப் போகும்."

"துன்னூறு வயித்துக்குள்ள போயி முடிச்ச அவுக்குமாண்ணே?" என்றார் சின்னத்தாய்.

"ஏத்தா, வாய அடக்கு."

"அடக்குறேன். மூக்கணாங்கயிறு போட மூக்கக் குத்துனீகள்ல, அன்னைக்குச் சாமி வெளியூரா போயிருந்துச்சு?"

கூட்டம் சிரித்துவிட்டது. ஆட்டோக்கார விருமாண்டி விடவில்லை. "அக்கா சொல்றது ஞாயந்தாண்ணே. மாடு செத்துட்டா பொங்கலுக்கு யார அவுத்து விடுவீக, உங்களையா?"

நல்லகாமன் துண்டை உதறினார். "என்னமோ பண்ணுங்க. மாட்டுக்கு ஒண்ணுன்னா நீதான்த்தா பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

மரத்துப்போக ஊசி போட்டு, நின்ற வாக்கிலேயே அறுத்தார் டாக்டர். சின்னத்தாய் கொம்பைப் பிடித்துக்கொண்டு அதன் காதோரம் பேசிக்கொண்டே நின்றார். உள்ளேயிருந்து வந்ததெல்லாம் பை. கூடை நிறைய, முறுக்கிக்கொண்டு, போட்ட முடிச்சு போட்டபடி. அதில் ஒரு ரோஸ் பையை விருமாண்டி அலசி விரித்தான். எழுத்து அழியவில்லை: 'சிவக்குமார் – கனகலட்சுமி'. நல்லகாமன் மகள் கல்யாணத்தில் தேங்காய், வெற்றிலை போட்டுக் கொடுத்த தாம்பூலப் பை. கல்யாணம் நடந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பிளாஸ்டிக் ஒழிப்பு என்று ஊர் இளவட்டங்கள் நாங்கள் அடித்து ஒட்டிய நோட்டீஸ் எதையும் ஊர் இத்தனை கவனமாகப் படித்ததில்லை.

"எல்லார் வீட்டுப் பையுந்தான் கெடக்கு, விடுங்கண்ணே," என்றார் சின்னத்தாய்.

நல்லகாமன் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனார்.

அந்தப் பொங்கலுக்குச் செவலையை மாலை போட்டு, கயிற்றோடு நடத்தி மட்டும் கூட்டிவந்தார்கள். அடுத்த பொங்கலுக்கு முதல் மாடாக அவிழ்ந்து ஓடியது. நல்லகாமன் இளைய மகள் கல்யாணத்துக்குத் துணிப் பை கொடுத்தார். சின்னத்தாய் கடையோரம் ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்தார். சோறு கொண்டுவருபவர் யாரானாலும் பையை அவிழ்த்துத் தொட்டியில் கொட்ட வேண்டும். வெறும் பையை வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும்.

ஒரு நாள் காலை நல்லகாமன் பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"முடிச்சு அவுக்க வரலையேத்தா."

"பல்லால கடிங்கண்ணே. செவல அம்புட்டு நாளும் முடிச்சோடதான் தின்னுச்சு."

பக்கத்தில் செவலை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.