தாமல் வரை ஒரு கடல் பயிற்சி

கப்பலில் குமட்டாமல் இருக்கப் பயிற்சி எடுக்கிறேன் என்று, ஷேர் ஆட்டோவில் பின்பக்கம் பார்த்த சீட்டில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டே காஞ்சிபுரத்திலிருந்து தாமல் வரை போய்த் திரும்பியவன் நான். ஒரு முறை போயிருந்தால் ஏதோ கிறுக்கு என்று விட்டுவிடலாம். ஒரு வாரம் விடாமல் போனேன். ஐம்பதைத் தாண்டிய ஆள். நிறையப் படித்தவன் என்று தெருவில் ஒரு பெயர் வேறு இருக்கிறது.

தாமலில் இறங்கி ஏரிக்கரையில் நின்று தண்ணீரைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்ப்பேன். கடலுக்கு மனதைப் பழக்குகிறேனாம். பிறகு அதே ஆட்டோவில் திரும்புவேன். இரண்டு மூன்று நாளில் ஓட்டுநருக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா சார், தெனம் வர்ற, ஏரியப் பாத்துக்கினு நிக்கிற, போயிடுற. வீட்ல எதுனா பிரச்சனையா?”

“இல்லப்பா. கப்பல்ல போகப் போறேன். அதுக்கு ப்ராக்டீஸ்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “முன்னாடி வந்து என் பக்கத்துல குந்து சார். உன்னப் பின்னாடி தனியா உட எனக்கு பயமா இருக்குது.”

பயிற்சி கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டேன். அந்த ஒரு வாரமும் எனக்குக் குமட்டவே இல்லை. கெடுதல் அங்கேதான் ஆரம்பித்தது. கடலை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு ஏற்பாடும் என் மனைவிக்காக. என் அப்பா பக்கவாதத்தில் விழுந்து பல வருடம் படுக்கையில் இருந்தார். ‘நாங்கள் பார்த்துக்கொண்டோம்’ என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. பார்த்துக்கொண்டது அவள். அந்தப் பன்மையில் என் பங்கு, மாத்திரை வாங்கி வந்ததும், அறை வாசலில் நின்று ‘இப்ப எப்படி இருக்குது?’ என்று கேட்டதும். படுக்கைப்புண் வராமலிருக்க அவரை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விடியும் முன் எழுந்து முதல் வேலையாக அவரைப் புரட்டிவிட்டுத்தான் அவள் வாசல் தெளிக்கவே போவாள். அத்தனை வருடத்தில் ஓர் இரவுகூட அவள் வெளியூரில் தங்கியதில்லை.

அப்பா போனபோது எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குக் காபி சொன்னேன், பந்தல்காரரோடு பேசினேன், யார் கை நீட்டினாலும் பிடிக்கக் கொடுத்தேன். மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போனால் சற்று நேரத்தில் ஊசி குத்துவதுபோல உணர்வு திரும்புமே, அந்தக் குத்தல் வரும் என்று காத்திருந்தேன். காரியம் முடிந்தது, வரவில்லை. மாதங்கள் போயின, வரவில்லை. அவளும் அப்படித்தான் இருந்தாள். விடியும் முன் எழுந்து அப்பாவின் அறை வரை போவாள், வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். சாப்பிட்டோம், தூங்கினோம், டிவி ஓடியது.

பெங்களூரிலிருந்து வந்த மகள் ஒரு நாள்தான் பொறுத்தாள். “ரெண்டு பேரும் ஸ்க்ரீன் ஃப்ரீஸ் ஆன மாதிரி இருக்கீங்கப்பா” என்று சொல்லி, சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் எங்களுக்கு இடம் போட்டுவிட்டாள். மாலையில் கிளம்பி, மறுநாள் முழுக்க நடுக்கடலில் இருந்து, அதற்கடுத்த காலையில் துறைமுகத்துக்கே திரும்பிவிடும் கப்பல்.

மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “நாலு பக்கமும் தண்ணி மட்டும் இருக்கணும். அதுல சூரியன் வர்றத நான் பாக்கணும். நீங்களும் கூட நிக்கணும். வேற எதுவும் வாணாம்.”

அப்படிப்பட்ட விடியல் அந்தப் பயணத்தில் ஒன்றுதான் உண்டு. அன்று நான் நிமிர்ந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் பொறுப்பு. அதற்காகக் கடல் குமட்டலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் இருக்கும் அறைதான் குறைவாக ஆடும் என்று படித்து, மகள் எடுத்திருந்த பால்கனி அறையை மாற்றச் சொன்னேன். கிடைத்த அறைக்கு ஜன்னலே இல்லை. “ப்பா, ஓவரா ப்ரிப்பேர் பண்றீங்க, இது எக்ஸாம் இல்ல” என்றாள். டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கினேன். கப்பல் ஏறும் முன் ஒன்று, அடுத்தது மறுநாள் காலையில், நடுவில் போடக் கூடாது, தூக்கம் தள்ளும் என்று அவர் இரண்டு தடவை சொன்னார். நானும் இரண்டு தடவை தலையாட்டினேன்.

வயிற்றுக்கு லேசாகச் சாப்பிட்டுவிட்டு ஏறுவது நல்லது என்றும் படித்திருந்தேன். லேசு நல்லது என்றால் காலி இன்னும் நல்லது என்று நானாகவே முடிவு செய்தேன். மனைவி மந்தாரை இலையில் கோயில் இட்லி கட்டி எடுத்து வந்திருந்தாள். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் காரிலேயே பிரித்தாள். சுக்கும் மிளகும் மணந்தன.

“ஒரு துண்டு துன்னுங்க. சுக்கு போட்டிருக்குது, வயித்துக்கு நல்லது.”

“வெறும் வயித்துல இருக்கறதுதான் முறை.”

“எந்த முறை?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

கப்பல் துறைமுகத்தை விட்டு விலகும்போது மேல்தளத்தில் கூட்டமாக நின்றோம். மனைவி அரக்கு நிறப் பட்டு கட்டியிருந்தாள். அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் கப்பல் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது, யோசித்தது, மறுபக்கம் சாய்ந்தது. ஷேர் ஆட்டோ அப்படிச் செய்ததே இல்லை. அது குலுக்கும், ஆனால் யோசிக்காது. என் முகம் போன போக்கைப் பார்த்து, கப்பலில் வேலை செய்யும் பெண் ஒருத்தி அருகில் வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு.

“தூரமாப் பாருங்க சார். வானமும் கடலும் சேருற எடத்தையே பாருங்க. கிட்ட இருக்கிற எதையும் பாக்காதீங்க, என்ன?”

எளிய யோசனைதான். ஆனால் என் தொழில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது. அன்று கட்டம் போட்ட தாளில், இன்று கம்ப்யூட்டரில். முப்பது வருடமாக என் கண் ஒரு முழத்துக்கு அப்பால் எதையும் பொருட்படுத்தியதில்லை. மனசு சரியில்லை என்றால் எங்கள் ஊரில் தறிக்காரர்களும் என்னைப்போன்றவர்களும் செய்வது ஒன்றுதான், பக்கத்தில் இருக்கும் துணியை எடுத்துப் பார்ப்போம். கல்யாண வீட்டில் முன்வரிசைப் பெண்ணின் முந்தானையைப் புரட்டிப் பார்க்கக் கை நீண்டு, அடி வாங்காமல் தப்பியவர்கள் எங்களில் உண்டு.

வானமும் கடலும் சேரும் இடத்தை ஒரு நிமிடம் பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. கண் தானாக மனைவியின் புடவைக்கு இறங்கியது. உடலும் பார்டரும் சேரும் இடத்தைக் கோர்வை என்போம். தனித்தனியாக ஓடும் இரண்டு பகுதிகளை இழை இழையாகக் கோர்த்துப் பிணைக்கும் வேலை. அதை விரலில் எடுத்து உள்பக்கம் திருப்பினேன். ஓர் இடத்தில் பிணைப்பு தவறியிருந்தது. அடுத்தது சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அதற்கு அடுத்ததையும் பார்த்தேன். தரை எழுந்தது, இழைகள் நகர்ந்தன. நான் விடாமல் குனிந்து தொடர்ந்தேன்.

“என்னா பண்றீங்க? தூரமாப் பாக்கச் சொல்லுச்சே அந்தப் பொண்ணு?”

“கோர்வையில ஒரு எடம் உட்டுப்போயிருக்குது.”

“இப்ப அதுவா முக்கியம்?”

பதிலாக அவள் புடவை மேலேயே வாந்தி எடுத்தேன். காலி வயிறு என்பதால் பெரிய சேதமில்லை. அது ஒன்றுதான் என் முன்யோசனை தந்த நன்மை.

அவள் என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாள். முகத்தைத் துடைத்துவிட்டு, புடவையை அலசக் குளியலறைக்குள் போனாள். விடியலுக்குள் எழுந்து நின்றாக வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், ஏறும் முன் போட்டது வாந்தியோடு போயிருக்கும் என்று கணக்குப் போட்டு, அவள் திரும்பி வருவதற்குள் இன்னொரு மாத்திரை போட்டேன். அது போதாதோ என்ற சந்தேகத்தில் மேலும் ஒன்று போட்டேன். நிறையப் படித்தவன் செய்த காரியம் அது. அதன்பின் நாக்கு தடித்தது, விரல் நுனி எங்கோ போனது. பயமோ வருத்தமோ எதுவும் இல்லை. பல மாதமாக இருந்தபடியேதான் இருந்தேன், இப்போது உடம்பும் வந்து சேர்ந்துகொண்டது.

விழித்தபோது ஜன்னல் இல்லாத அந்த அறையில் அது எந்தப் பொழுது என்று தெரியவில்லை. நான் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை முட்டுக் கொடுத்திருந்தது. மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“சூரியன்?”

“மதியம் ஆயிடுச்சு.”

“நீ பாத்தியா?”

“பாதி பாத்தேன். உங்கள எழுப்புனேன், எழுந்துக்கல. நான் மட்டும் போனேன். ஒரு துண்டு மேல வந்துச்சு. அப்பதான் நீங்க மல்லாந்து படுத்துக்கினு இருந்தது ஞாபகம் வந்துச்சு. வாந்தி வந்தா மூச்சு அடைச்சுக்குமே. எறங்கி வந்து புரட்டிப் படுக்க வெச்சேன். அப்புறம் போகல.”

அந்தத் தலையணைகளை எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் அவள் இப்படித்தான் வைப்பாள்.

அப்போதாவது எனக்கு அந்தக் குத்தல் வந்திருக்க வேண்டும். தொண்டையில் ஏதோ ஒன்று ஏறுவது போலிருந்தது. காத்திருந்தேன். அது குமட்டல்தான். அவள் பையை நீட்டினாள்.

மாலையில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். நாலு பக்கமும் சாம்பல் நிறத்தில் தண்ணீர். தூரமாகவே பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

“நாலு பக்கமும் தண்ணிதான் இருக்குது” என்றேன்.

“காலையிலயும் அதான் இருந்துச்சு” என்றாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, கையை என் முதுகிலேயே வைத்திருந்தாள். விழுந்துவிடுவேன் என்ற பயமாக இருக்கும்.

ஊர் திரும்பிய அன்று எதிர்வீட்டுப் பெண் வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளே, கடலை எப்படி வர்ணிக்கலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

“யக்கா, நடுக்கடலு எப்படி இருந்துச்சுக்கா?”

“என்னாத்தமா சொல்றது? எப்பவும் போல ஒரு ஆளப் புரட்டிப் போட்டுக்கினு இருந்தேன். ரூமு மட்டும் ஆடுச்சு.”