மஞ்சள் பாதங்களை விட்டு வெளியே

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாவட்ட வலுதூக்கும் போட்டி நடந்தது. வழக்கமாக மணமக்கள் உட்காரும் மேடையில் இரும்புத் தாங்கிகளை நிறுத்தியிருந்தார்கள். நாற்பது வயதைக் கடந்த பெண்களில், எங்கள் எடைப் பிரிவுக்கு இரண்டே பேர்: பாலக்கோட்டிலிருந்து நான், அரூரிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியை. ஜெயிப்பவருக்கு மாநிலப் போட்டி.

எலும்பு தேய்கிறது என்று டாக்டர் சொன்னதால் ஜிம்மில் சேர்ந்தவள் நான். "இரும்பு தூக்கறது இருக்கட்டும், வூட்ல காலி சிலிண்டர் கெடக்குது, அத மொதல்ல தூக்கு" என்று என் கணவர் கிண்டல் செய்தபடியேதான் பஸ் ஏற்றிவிட்டார்.

எங்கள் ஜிம்மில் ஓர் ஏற்பாடு இருந்தது. மாஸ்டர் தன் பாதங்களைத் தரையில் வைத்து, சுற்றிலும் மஞ்சள் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். ஸ்குவாட் செய்பவர்கள், அதாவது தோளில் கம்பியைத் தாங்கி உட்கார்ந்து எழுபவர்கள், எல்லாரும் அதன் மேல்தான் நிற்க வேண்டும். முதுகு சுவர் மாதிரி நேராக இருக்க வேண்டும். எதிலும் ஒழுங்கு பார்க்கும் எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அளவெடுத்து வந்து, எங்கள் மொட்டை மாடியிலும் அதே பாதங்களைச் சாக்பீஸால் வரைந்து பழகினேன். மற்றவர்கள் அழகாக உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் கொஞ்சம் இறங்கியதுமே பின்னால் சாய்கிற மாதிரி இருக்கும். பழக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டியில் ஸ்குவாட்டுக்கு மூன்று வாய்ப்புகள். இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கினால்தான் கணக்கு. மூன்றும் தவறினால் போட்டியை விட்டே வெளியேற வேண்டும். எனக்கு முதல் வாய்ப்பில் சிவப்பு விளக்கு. இரண்டாவதிலும் சிவப்பு. "இன்னும் நிமிர்ந்து உட்காருங்க!" என்று மாஸ்டர் கீழேயிருந்து கத்தினார். இத்தனை மாத உழைப்பும் போகப்போகிறது என்று ஓரமாய்ப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த அரூர் ஆசிரியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, முதுக நல்லா பின்னாடி ஒட்டி உக்காருங்க. இப்ப நம்ம முட்டியப் பாருங்க."

பார்த்தேன். உட்கார்ந்தால் இருவரும் ஒரே உயரம். ஆனால் என் முழங்கால் அவருடையதைவிட நாலு விரல் அளவு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

"இவ்ளோ நீளத் தொடைய வச்சிக்கிட்டு, கால ஒடுக்கி நேரா உக்காந்தா பின்னாடிதாங்க்கா விழுவீங்க. கால அகட்டுங்க. பாதத்த வெளிய திருப்புங்க. நெஞ்சு முன்னாடி சாயட்டும், முதுகு மட்டும் வளைய வேணாம்."

"சாஞ்சா தப்புன்னு சொன்னாங்களே?"

"அது உங்க மாஸ்டர் ஒடம்புக்குங்க. உங்க ஒடம்புக்கு இதான் சரி."

பந்தி நடக்கும் ஹாலின் வாசலில், சாம்பார் வாசனைக்கு நடுவே, என் கைகளைப் பிடித்து உட்கார வைத்து எழுப்பினார். முதன்முறையாகக் குதிகால் தரையில் ஊன்றி நின்றது. என் இடுப்புக்கு இறங்க இடம் கிடைத்தது.

பெயரை அழைத்தார்கள். கம்பியைத் தோளில் வாங்கினேன். பழக்கதோஷத்தில் ஒடுங்கிய கால்களை அகட்டி வைத்தேன். இறங்கினேன்; எழுந்தேன். வெள்ளை விளக்குகள் எரிந்தன. மண்டபத்திலேயே பெரிதாகக் கத்தியவர் அவர்தான்.

அடுத்து, படுத்தபடி தூக்குவதில் அவர் நன்றாகவே முந்தினார். கடைசியாக டெட்லிஃப்ட். தரையில் கிடக்கும் கம்பியைப் பிடித்து நிமிர வேண்டும். அதில் என் நீளமான கைகள் எனக்கு உதவின. மொத்தக் கணக்கில் நான் முதலிடம்.

சந்தோஷப்படவே கூச்சமாக இருந்தது. அவரிடம் போய், "உங்களாலதான் நான் போட்டியிலயே இருந்தேன்" என்றேன்.

"உங்க கையப் பார்த்தப்பவே தெரியும்ங்க்கா, டெட்லிஃப்ட்ல என்னத் தாண்டிருவீங்கன்னு."

"தெரிஞ்சுமா சொல்லிக் குடுத்தீங்க?"

"நீங்க வெளிய போயிட்டா நான் யாரோட மோதறது? காலி மேடையில நின்னு மெடல் வாங்கினா எம் பசங்களே சிரிப்பாங்க. வாங்க, சாப்பாடு தீர்ந்துரப் போகுது."

ஜிம்முக்குத் திரும்பியதும் நாற்காலிகளைச் சுவரோரம் போட்டு, மாஸ்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினேன். மாறி மாறி முழங்கால்களைப் பார்த்தவர், அந்த வாரமே மஞ்சள் பாதங்களைச் சுரண்டி எடுத்துவிட்டார். இப்போது அவரவர் பாதத்தை அவரவரே சாக்பீஸால் வரைந்துகொள்கிறோம்.

தினமும் காலையில் குனிந்து, அகட்டி வைத்த என் பாதங்களை வரையும்போது, தான் தோற்கக்கூடும் என்று தெரிந்தே என் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்ட அந்தப் பெண்மணியின் மனசு எவ்வளவு உயரம் என்று வியந்துகொள்கிறேன்.